பெயரிடாத பூச்சிகளின் இழுப்பறை

"அப்போ உன் பாடத்தை எந்த இழுப்பறையில வைக்கச் சொல்ற?"

"அதை முடிவு பண்றதுதானே உங்க குழுவோட வேலை. என்னைக் கேட்டா?"

அக்கா ஒரு வண்டின் வலப்பக்கச் சிறகில் ஊசியை மெதுவாக இறக்கினாள். அவளுடைய பூச்சி ஆய்வகம் மூன்றாம் மாடியில். தம்பி கிறிஸ்தவ இறையியல் கற்பிக்கும் அறை அதற்கு நேர் கீழே. மேலே நாற்காலி நகரும் சத்தத்தை வைத்தே, அக்கா தேநீருக்கு எழுந்துவிட்டாள் என்று அவன் கண்டுபிடித்துவிடுவான்.

வெள்ளிக்கிழமை ஆட்சிக்குழு வாக்களிக்கிறது. இறையியல் இந்தப் பல்கலைக்கழகத்தில் மற்ற துறைகளோடு இருக்கலாமா, அல்லது மூட்டை கட்டிக்கொண்டு திருச்சபையின் கல்லூரிக்கே போக வேண்டுமா? அக்காவுக்கும் ஒரு வாக்கு உண்டு.

"தம்பி விஷயம், நான் ஒதுங்கிக்கிறேன்னு சொன்னேன். தலைவர் விடல. அப்படிப் பாத்தா குழுவுல ஆளே மிஞ்சாதாம்."

"அதுவும் சரிதான்."

"என் பொருள் என் கையில இருக்குடா. குத்தி வச்சுப் பாக்கலாம். உன்னோடதைக் குத்தி வைக்க முடியுமா?"

"சிலுவையில குத்திப் பாத்தாங்கக்கா, ஒருதடவை. மூணாம் நாள் பெட்டி காலி."

ஊசியைக் கீழே வைத்துவிட்டுத்தான் அவளால் சிரிக்க முடிந்தது. "இதைக் குழுவுக்கு முன்னால சொல்லித் தொலைச்சிடாதே."

"எங்ககிட்ட இருக்கிறது பாத்தவங்க சொன்ன சாட்சி. யார் சொன்னா, எப்போ சொன்னா, எங்க ஒத்துப்போகுது, எங்க உதைக்குது. அதுக்கு ஏத்த கருவி எங்களுக்கு. நீ மட்டும் வண்டைத் தொலைநோக்கியிலயா பாக்கிற?"

"சரி. தப்புன்னு தெரிஞ்சா?"

"போன மாசம் தெரிஞ்சது. ஒரு வசனத்தை நம்பி பல வருஷமா நான் நடத்தின பாடம். ரொம்பப் பழைய பிரதிகள்ல அந்த வரியே இல்லைன்னு ஒரு மாணவி காட்டினா. வகுப்புலயே வாபஸ் வாங்கிட்டேன்."

"வலிக்கலையா?"

"ரெண்டு நாள் உர்ருன்னு திரிஞ்சேன். அப்புறம் ஒரு மாதிரி லேசா ஆயிடுச்சு."

அந்த லேசு அவளுக்கும் தெரியும். அடித்துத் திருத்திய பெயர்ச்சீட்டுகள் அவள் பெட்டிகளிலும் நிறைய இருந்தன. குனிந்து கடைசி இழுப்பறையைத் திறந்தாள். கற்பூர உருண்டை வாசம் எழுந்தது. இன்னும் பெயர் கிடைக்காத பூச்சிகள் அதில் வரிசையாக, யாருக்காகவோ பொறுமையாகக் காத்திருப்பவைபோல இருந்தன. சாயங்கால வெயில் அவற்றின் முதுகுகளில் பச்சையாக மின்னியது.

"எங்களையும் அதுலயே போட்டுடு," என்றான் தம்பி. "வெளிய மட்டும் எறிஞ்சிடாதே."

"பாக்காம எதையும் நான் எந்தப் பெட்டியிலயும் போட்டதில்ல."

கீழே மாணவர்கள் வந்து நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. அவன் எழுந்தான். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவன் அவளைத் தன் வகுப்புக்குள் விட்டதில்லை. அவள் நமட்டுச் சிரிப்பு சிரித்துவிடுவாள் என்று பயம்.

அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு கதவருகே அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கடைசி வரிசையில, ஓரமா. வாயே திறக்க மாட்டேன். இன்னைக்கு என்னை உன் வகுப்புல உட்கார விடுறியாடா?"