பன்னிரண்டு பவுண்டு மிச்சம்

மூன்று இருபத்தைந்துக்கு என் தம்பி வெண்டலைக் காரில் உட்காரவைத்துப் பந்தயத் தடத்துக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு ஐந்து மணிவரை நான் ஓர் இடத்தில் நிற்கவில்லை. தடத்தோரம் அணிகள் நிற்கும் பிட் சுவரிலிருந்து எங்கள் கூடாரத்துக்கு, கூடாரத்திலிருந்து சுவருக்கு என்று அலைந்தேன். காலையில் வாங்கிய சூரியகாந்தி விதைப் பொட்டலத்தில் பாதியை மென்று துப்பியிருந்தேன்.

ஒஹாயோவில் மே மாதம் என்றால் ஒன்று தூறும், இல்லையென்றால் காற்று அடிக்கும். அன்று இரண்டும். கூடாரத்தின் காலைப் பிடித்துக்கொண்டு லைல் போலோனி இறைச்சி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். கார் ஓட்டும் எங்கள் நாலு பேரில் அவன்தான் வெல்டர், அவன்தான் வாயாடியும்.

"நீட்டா, ஒக்காரேன். நீ நடக்குறதப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

"சுத்துனா கண்ண மூடிக்கோ."

எங்கள் பந்தயத்தில் ஓடுவதெல்லாம் காயலான் கடைக்குப் போகவேண்டிய கார்கள். எங்களுடையதும் அப்படித்தான். இருபத்தாறு வயது ஆன காரை வீட்டுச் சுவருக்கு அடிக்கும் மஞ்சள் பெயிண்டை உருளையால் பூசி, வெண்ணெய்க்கட்டி மாதிரி ஆக்கியிருந்தோம். நாலு பேர் மாறி மாறி எட்டு மணி நேரம் ஓட்டவேண்டும். அதிகச் சுற்று போனவர் ஜெயித்தவர். ஏழு வருஷத்தில் நாங்கள் ஒருமுறைகூட முதல் மூன்றுக்குள் வந்ததில்லை. அன்று மூன்று இருபத்தைந்துக்கு நாங்கள் முதலிடத்தில் இருந்தோம்.

இதில் எடைதான் பெரிய தலைவலி. சும்மா விட்டால் ஆளாளுக்குக் கதவைக் குடைந்து, தரையை அறுத்து, காரைக் காகிதம் ஆக்கிவிடுவார்கள் என்று பந்தயச் சங்கம் ஒவ்வொரு காருக்கும் ஒரு குறைந்தபட்ச எடை வைத்திருக்கிறது. ஓட்டுபவரையும் சேர்த்து எங்கள் காருக்கு இரண்டாயிரத்து நானூற்றைம்பது பவுண்டு. குறையும் ஒவ்வொரு பத்துப் பவுண்டுக்கும் ஒரு சுற்று வெட்டு. பத்துக்குள் உதிரியாகக் குறைந்தாலும் அதற்கும் ஒரு முழுச் சுற்று. ஆனால் எடை போடுவது பந்தயம் முடிந்த பிறகு மட்டும்தான். முடிவுக் கொடி விழுந்ததும் முதல் ஐந்து கார்களும் நேரே தராசுக்குப் போகவேண்டும். ஓட்டியவர் இறங்கக் கூடாது, ஒரு பாட்டில் தண்ணீர்கூட உள்ளே போகக் கூடாது.

அதாவது, கடைசியில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் எடைதான் கணக்கு. அதற்கு முன் ஆறரை மணி நேரம் கார் எவ்வளவு இளைத்து ஓடினாலும் கேட்பாரில்லை. விதியில் இப்படி ஓர் ஓட்டை இருந்தால் அதற்குள் தலையை விடாமல் இருக்க நாங்கள் என்ன சாமியார்களா?

போன வாரம் சீட்டுக்குப் பின்னால் எடைக்காகப் போல்ட் போட்டிருந்த எண்பது பவுண்டு இரும்புத் தகடுகளைக் கழற்றி என் கராஜிலேயே போட்டுவிட்டேன். நாலு பேரில் நான், லைல், மார்சி மூன்று பேரும் ஒல்லி. நாங்கள் ஓட்டும்வரை கார் பறக்கும். கடைசியில் வெண்டல் ஏறுவான். வெண்டல் இருநூற்று அறுபத்திரண்டு பவுண்டு. அவன் ஏறியதும் கார் சட்டப்படி ஆகிவிடும். மிஞ்சும் பெட்ரோலையும் கணக்கிட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு பவுண்டு மிச்சம் வந்தது. மணிக்கட்டில் டேப் ஒட்டி அதில் 12 என்று எழுதிவைத்திருந்தேன்.

என் தம்பியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்களில் அவன்தான் மெதுவாக ஓட்டுபவன். ஒரு சுற்றுக்கு இரண்டு நொடி பின்தங்குவான். லைல் அவனை "சிமெண்ட் மூட்டை" என்பான். வெண்டல் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரிப்பான். கடைசி முறை ஓட்டுவதுதான் எங்களுக்குள் மரியாதை. ஏனென்றால் முடிவுக் கொடியைக் கடப்பது அவர்தான். ஏழு வருஷமாக வெண்டல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஏழு வருஷமாக நான் அவனை மதியச் சாப்பாட்டு வேளையில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை போனில் விஷயத்தைச் சொல்லக் கூப்பிட்டேன். உன் உடம்புக்காகத்தான் உன்னைக் கடைசியில் போடுகிறேன் என்று நாற்பத்தொரு வயது தம்பியிடம் எப்படிச் சொல்வது?

"கடைசி முறை நீதான்டா," என்றேன். "கார் நெரிசல்ல உன்ன மாதிரி நிதானமா ஓட்ட இங்க ஆள் இல்ல."



"நெசமாவா அக்கா?"

"நெசமாத்தான்."

வைத்துவிட்டு உடனே லைலையும் மார்சியையும் கூப்பிட்டுத் தகடு கழற்றிய பேச்சை அவனிடம் எடுக்கவே கூடாது என்றேன். லைல் பைபிள்மேல் சத்தியம் செய்தான். அவனிடம் பைபிள் கிடையாது.

வெண்டல் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு நேராகத் தடத்துக்கு வந்து சேர்ந்தான். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவனை அன்றுதான் நேரில் பார்த்தேன். பார்த்தேன் என்று சும்மா சொல்கிறேன். தலைக்குமேல் குல்லாய் போட்ட தடித்த ஸ்வெட்டரும், மழைக்கோட்டுமாக ஓர் உருவம் வந்தது, காப்பி கொடுத்தேன், என் கணக்குக்குத் திரும்பிவிட்டேன். பிறகு அவன் ஹெல்மெட்டோடு காரில் ஏறும்போதும் என் கண் கடிகாரத்தில்தான் இருந்தது.

என் கணக்கு இதுதான். வெண்டல் ஏறும்போது எங்களுக்கும் இரண்டாமிடத்துக்கும் நூற்றுப் பத்து நொடி வித்தியாசம். பின்னால் வருவது ஆம்புலன்ஸ் மாதிரி சிவப்புக் கோடு போட்ட ஒரு பழைய வேன். வெண்டல் சுற்றுக்கு இரண்டு நொடி விட்டால் நாற்பத்தேழு சுற்றில் தொண்ணூற்று நாலு நொடி போகும். பதினாறு நொடியில் ஜெயிப்போம். போதும்.

முதல் ஐந்து சுற்று முடிந்தது. வித்தியாசம் நூற்றுப் பத்தே.

"கடிகாரம் கெட்டுப்போச்சா?" என்றேன்.

மார்சி பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். எங்களில் அவள்தான் வேகம். நேரம் குறிக்கும் பலகையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கடிகாரம் நல்லாத்தான் இருக்கு. உன் தம்பி என் நேரத்துல ஓட்டுறான்."

"மூட்டைக்குச் சிறகு மொளச்சிருச்சு!" என்று லைல் கத்தினான். பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பத்தாவது சுற்றில் அவன் என்னுடைய சிறந்த நேரத்தைவிடக் குறைத்தான். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. உண்மையைச் சொல்கிறேன், அப்படிக் கலங்கியது ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் வேறு பயம் பிடித்துக்கொண்டது. வேகமாக ஓட்டினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும். ஒரு காலன் பெட்ரோல் ஆறு பவுண்டு. என் பன்னிரண்டு பவுண்டு என்பது வெறும் இரண்டு காலன். இவன் இப்படி மிதித்தால் என் மிச்சம் புகைக்குழாய் வழியாகப் போய்விடுமே!

ரேடியோவை எடுத்தேன். "டேய், கொஞ்சம் மெதுவாப் போ. அவ்வளவு வேகம் வேண்டாம்."

"ஏன்? கார்ல ஏதாவது சத்தமா?"

"சத்தமெல்லாம் இல்ல."

"பின்ன ஏன்?"

என்ன சொல்வேன்? உன் எடை, பெட்ரோல் எடை, தகடு என்று ஆரம்பித்தால் வெள்ளிக்கிழமை சொன்ன பொய் வெளுத்துவிடும். "சும்மாதான். பத்திரமா வா," என்றேன்.

"பத்திரமாத்தான் வர்றேன் அக்கா. நீதான நிதானம்னு சொன்ன? இப்பத்தான் கார் என் பேச்சக் கேக்குது."

அவன் குரலில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. ரேடியோவைக் கீழே வைத்தேன். திரும்ப எடுத்தேன். திரும்ப வைத்தேன். மார்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடேன் நீட்டா. இப்பவாவது."

"ஜெயிச்சப்புறம் சொல்றேன்."

"ஜெயிச்சப்புறம் நீ சொல்லமாட்ட."

சுவருக்கு நடந்தேன். டேப்பில் இருந்த 12-ஐப் பார்த்தேன். நாலரை மணிக்கு வித்தியாசம் நூற்றுப் பதினைந்து நொடி. ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் நூற்றிருபத்தொன்று. அந்த ஆம்புலன்ஸ் வேன்காரர்கள் தங்கள் சுவரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஐந்து மணிக்குக் கட்டம் போட்ட கொடி விழுந்தபோது மஞ்சள் கார் அதன் கீழே போனது. லைல் என்னைத் தூக்கிச் சுற்றினான். நான் இறக்கு இறக்கு என்று அவன் முதுகில் அடித்துவிட்டுத் தராசை நோக்கி ஓடினேன்.

தராசு என்றால் நாலு சக்கரத்துக்கும் நாலு தட்டு, எண் காட்டும் ஒரு பெட்டி. அதைப் பார்த்துக்கொள்வது ஓபல் டிரெஹர் அம்மா. முப்பது வருஷம் ஆரம்பப் பள்ளி நர்ஸாக இருந்தவர். காரையும் இரண்டாம் வகுப்புக் குழந்தை மாதிரிதான் தட்டில் ஏற்றுவார்.

"ஆடாத கண்ணா. ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல வை," என்றார் வெண்டலிடம். பிறகு பெட்டியைப் பார்த்தார். கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டாயிரத்து நானூத்திப் பத்தொன்பது."

"இன்னொரு தடவை போடுங்கம்மா," என்றேன்.

காரைப் பின்னால் தள்ளி மறுபடி ஏற்றினோம். அதே எண். முப்பத்தொரு பவுண்டு குறைவு. நாலு சுற்று வெட்டு.

பெட்ரோல் என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே குனிந்து பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். நான் கணக்கிட்ட இடத்தில் அப்படியே நின்றது. பம்பர், கதவு, கண்ணாடி எல்லாம் இருந்தன. காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன், வெட்கம்கெட்டு சக்கரத்தை எண்ணிக்கூடப் பார்த்தேன். கடைசியில்தான் காருக்குள் இருந்தவனைப் பார்த்தேன்.

ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தான். கழுத்து தெரிந்தது. என் தம்பிக்குக் கழுத்து உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பழைய பந்தய உடுப்பு அவன் தோளில் சாக்குபோலத் தொங்கியது.

"எவ்வளவுடா இருக்க நீ?"

"இருநூத்திப் பத்தொன்பது." அவன் முகம் பூரா சிரிப்பு. "நாப்பத்திமூணு பவுண்டு கொறச்சிருக்கேன் அக்கா. ஜனவரிலேர்ந்து. தெனம் காலைல நாலு மைல் நடை. கேக், பை எதையும் தொடுறதே இல்ல. ஓட்டுறத நீங்க பாத்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். பாத்தீங்கல்ல?"

லைல் கையிலிருந்த தொப்பியைத் தரையில் அடித்தான். "யோவ், சொல்லித் தொலைச்சிருக்கலாமேய்யா! தகட்டக் கழட்டாம விட்டிருப்போமே!"

"என்ன தகடு?" என்றான் வெண்டல்.

ஓபல் அம்மா தன் தாளில் எதையோ ரொம்பக் கவனமாக எழுத ஆரம்பித்தார். வெண்டல் தலையைத் திருப்பி சீட்டுக்குப் பின்னால் பார்த்தான். போல்ட் போட்டிருந்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. பிறகு பெட்டியில் எரிந்துகொண்டிருந்த எண்ணைப் பார்த்தான். அவன் முட்டாள் இல்லை. ஒஹாயோவில் பள்ளிப் பேருந்துகளைப் பிரித்துப் பூட்டுகிறவன், கூட்டல் கழித்தல் தெரியாதவனா?

"என் பேருக்கு நேரா எவ்வளவு எழுதுன?" என்றான்.

"இருநூத்தி அறுபத்திரண்டு."

"என்னக் கேக்கவே இல்லையே."

"போன வருஷம் அவ்வளவுதான இருந்த," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் விஷயம் புரிந்து சந்தோஷத்தில் கத்த ஆரம்பித்திருந்தார்கள். எங்களுக்கு நாலாமிடம். மூன்றாமிடத்தோடு கோப்பை முடிந்துவிடும். ஓபல் அம்மா மெதுவாகச் சொன்னார், ஆட்சேபணை எழுதவேண்டுமானால் கால்மணி நேரம் இருக்கிறது என்று. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் காரைத் தட்டிலிருந்து இறக்கச் சொன்னார். லைலும் மார்சியும் பின்னாலிருந்து தள்ள, நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். வெண்டல் இறங்காமல் ஸ்டீயரிங்கைத் திருப்பினான்.

கூடாரத்துக்கு வந்ததும் மற்ற இருவரும் விலகிப்போனார்கள்.

"அப்போ நிதானம்னு சொன்னது?" என்று கேட்டான் வெண்டல், முன்னால் பார்த்துக்கொண்டே.

இன்னொரு பொய் நாக்கின் நுனிவரை வந்தது. உன் ஓட்டத்துக்காகப் பாதி, எடைக்காகப் பாதி என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான்.

"பொய்," என்றேன். "உன் எடைக்குத்தான்டா போட்டேன்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"வெள்ளிக்கிழமை உனக்குப் போன்லயே சொல்லிரணும்னு இருந்துச்சு அக்கா," என்றான். "எடை கொறஞ்சிருக்கேன், கார் கணக்குல பாத்துக்கோன்னு. வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள நீ என் ஓட்டத்துக்காகப் போடுறேன்னுட்ட. சரி, என் எடையப் பத்தி இனிமே யாருக்கும் கவலை இல்லன்னு நெனச்சிட்டேன்."