ஸ்பேனரின் சத்தம்

பிரஸ் மெஷின் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மெஷினில் தகடு வைப்பவன் அவள் புருஷன். ஓர் இடத்தில் நிற்காதவன் என்பதால் பட்டறையில் அவனுக்குப் பம்பரம் என்று பெயர்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஏடிஹெச்டி, கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்று சொல்லிவிட்டார்கள். வளர வளரச் சரியாகிவிடும் என்று வீட்டில் நம்பினார்கள். அவன் வளர்ந்தான், அதுவும் கூடவே வளர்ந்தது. வேளைக்குச் சாப்பிட மறப்பான், பசி வந்தால் கண்மண் தெரியாமல் தின்பான். தூக்கம் கெட்டது, சிகரெட் தொற்றிக்கொண்டது. நாற்பதுக்குள் சர்க்கரையும் வந்து சேர்ந்தது.

காலில் ஆறாத புண்ணைப் பார்த்த டாக்டரம்மா, சர்க்கரை மருந்தை விட்டால் காலையே எடுக்கவேண்டி வரும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். இருவர் சம்பளத்துக்கும் கட்டுப்படியானது ஒரு மருந்துதான். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் மாத்திரையா, காலுக்கான மருந்தா என்று மருந்துக்கடை வாசலில் அவள் விழித்துக்கொண்டு நின்றாள்.

"காலுக்கே வாங்கு," என்று அவன் சிரித்தான். "தலைக்குத்தான் நீ இருக்கியே."

இருந்தாள். அவன் மெஷினுக்கு எதிரேதான் அவள் போல்ட் பிரிக்கும் மேசை. அவன் பார்வை ஜன்னலுக்கு ஓடினால் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவாள், சுதாரித்துக்கொள்வான். இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை அமுக்கினால்தான் அந்த மெஷின் இறங்கவேண்டும், கை உள்ளே மாட்டாது. வேகம் பத்தவில்லை என்று சூப்பர்வைசர் ஒரு பொத்தானை அமுக்கி, டேப் ஒட்டி வைத்திருந்தார்; இப்போது ஒரு கை அமுக்கினாலே இறங்கிவிடும்.

இன்று காலை அவர் அவளிடம் வந்து, ஆள் குறைகிறது, பேக்கிங்குக்குப் போ என்றார்.

"சார், அவருக்கு மாத்திரை இல்ல. கொஞ்ச நாள் என்னை இங்கயே விடுங்க சார்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாத்திரை கீத்திரைன்னு வெளிய சொல்லாதம்மா. மொதலாளி காதுல விழுந்தா அவனுக்கு வேலையே இருக்காது."

அவள் ஸ்பேனரை மட்டும் கையோடு எடுத்துப் போனாள். பேக்கிங் மேசை ஷெட்டின் அந்தக் கடைசியில் இருந்தது. அட்டைப்பெட்டிகளின் இடுக்கில் அவன் முதுகு தெரிந்தது. பெட்டி மடித்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே ஏதோ லாரி வந்து நின்றது. அவன் தலை ஜன்னல் பக்கம் திரும்பியது.

அவள் தட்டினாள். மேசைமேல் விரித்திருந்த அட்டை சத்தத்தை விழுங்கிவிட்டது. அட்டையை வாரி எறிந்துவிட்டு, மேசைத் தகரத்தில் ஓங்கி ஓங்கி அடித்தாள். பக்கத்து மேசைக்காரிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு ஒரு கையால் தகட்டை உள்ளே வைத்தான். அந்தக் கை உள்ளேயே இருக்க, இன்னொரு கை பொத்தானுக்குப் போனது.