அழுத்தாத பொத்தான்

காலை பத்தரை மணிக்கெல்லாம் காந்தி ரோட்டில் கார்கள் நெருக்க ஆரம்பித்துவிடும். பட்டுக்கடை வாசலில் காவலாளியாக விசிலோடு நின்ற தேவசகாயம், உள்ளே வந்த கார் ஒன்றுக்கு வழிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவருடைய வலது பக்கமாக ஒரு வேன் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அதன் அலாரம் கீச்சிட்டது. பூக்காரி கத்தினாள். முழங்காலில் வேன் இடித்துக் கீழே விழுந்த பிறகுதான் வேன் வந்ததே அவருக்குத் தெரிந்தது.

அடி பெரிதில்லை. ஆனால் மேனேஜர் ஓடிவந்துவிட்டார்.

"இன்னா தேவா, காது கேக்கலையா உனக்கு? கேக்காத ஆள வாசல்ல வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

"கேக்குது சார். ஏதோ யோசனையா இருந்துட்டேன்."

அது பொய். பதினேழு வருடம் பீரங்கிப் படையில் இருந்தவர் தேவசகாயம். ஒரு பயிற்சியில் பக்கத்துப் பீரங்கி வெடித்த வெடியில் அவர் வலது காதுக்குள் 'கொய்ங்' என்று ஓர் இரைச்சல் புகுந்தது. இன்றுவரை அது நிற்கவில்லை. படை மருத்துவரிடம் சொன்னால் உடல் தகுதி குறைந்துவிட்டது என்று எழுதுவார்கள், பதவி உயர்வு போய்விடும் என்று பயந்து வாயைத் திறக்காமலே ஓய்வு பெற்றார். இப்போது இடது காதும் மங்கிக்கொண்டு வந்தது.

முசரவாக்கத்தில் உள்ள தன் வீட்டுக்கு வந்ததும் மனைவி லில்லி முழங்காலுக்கு மருந்து போட்டாள். "பட்டாளத்துலதான காது போச்சு? அதுக்குன்னு ஊனப் பென்ஷன் இருக்குதாமே. போய் கேளுங்க. இன்னிக்கி முட்டி, நாளைக்கி இன்னாவோ!"

கலெக்டர் ஆபீஸ் அருகே டீக்கடையில் உட்கார்ந்து மனு எழுதித் தரும் கலியாணசுந்தரத்தை யாரோ கைகாட்டினார்கள். அவன் எடுத்த எடுப்பில் கேட்டான்.

"சர்வீஸ்ல இருக்கும்போது டாக்டர்கிட்ட காட்டுன சீட்டு இருக்குதா?"

"இல்லீங்க. யார்கிட்டயும் சொல்லல."

"அப்போ கொஞ்சம் கேக்குது, கொஞ்சம் கேக்கலன்னா எவனும் மதிக்க மாட்டான். ரெண்டு காதும் சுத்தமா அவுட்டுன்னு சொல்லு. டெஸ்ட்ல சத்தம் கேட்டா பொத்தான அழுத்தும்பாங்க. நீ அழுத்தாத. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த அசல் புத்தகத்தை அவன் வாங்கி வைத்துக்கொண்டான். நான்கு வெற்றுத் தாள்களில் கையெழுத்தும் வாங்கினான்.

அன்றிலிருந்து தேவசகாயத்துக்குச் சோறு இறங்கவில்லை. மாட்டிக்கொண்டால் இருக்கிற பென்ஷனும் போய்விடுமோ, போலீஸ் வருமோ என்று உள்ளுக்குள் நடுங்கினார். ஆனாலும் கேட்காதவரைப்போல் இருக்கப் பழகினார். ஒருநாள் குழாயடியில் லில்லி வழுக்கி விழுந்து, "என்னங்க!" என்று கத்தினாள். இடது காதில் அது நன்றாகவே விழுந்தது. திரும்பக் கூடாது என்று பழகியிருந்த கழுத்து ஒரு நொடி திரும்பவில்லை. பிறகுதான் ஓடினார். அந்த ஒரு நொடியை நினைக்க அவருக்கே தன்மேல் பயமாக இருந்தது.

கலியாணசுந்தரம் அனுப்பிய மனுவுக்கு, சென்னை ராணுவ மருத்துவமனையில் காது பரிசோதனைக்கு நாள் குறித்து வந்தது. சின்னக் கண்ணாடி அறைக்குள் அவரை உட்காரவைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைக்கச் சொல்லி, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்துக் கதவைச் சாத்தினார்கள். வெளிச் சத்தம் அடங்கியதும் காதுக்குள் இருந்த இரைச்சல் மண்டை முழுக்கப் பரவியது. இடையே இடது காதில் மெல்ல ஒரு 'பீப்'. கட்டைவிரல் வியர்த்தது. அழுத்தவில்லை. இன்னொரு 'பீப்'. அழுத்தவில்லை.

பரிசோதகர் ஜீவிதா கதவைத் திறந்து ஹெட்போனைக் கழற்றினாள். அவர் பின்னால் நின்று, சாதாரணக் குரலில், "ஐயா, உங்க கண்ணாடி கீழ விழுந்திருக்குது" என்றாள்.

தேவசகாயம் குனிந்து தேடினார். தரையில் ஒன்றுமில்லை. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமில்லை.

"பொத்தான அழுத்தலன்னாலும் காது கேக்குதா இல்லையான்னு காட்டுற மெஷின் இங்க இருக்குது ஐயா. அதுல உங்கள உக்கார வெக்கட்டுமா, இல்ல நீங்களே சொல்றீங்களா?"

அவர் கை கூப்பினார். "என்ன ஜெயிலுக்கு அனுப்பிடாதம்மா." பயிற்சியில் வெடித்த பீரங்கி முதல் டீக்கடை வரை எல்லாவற்றையும் கொட்டினார்.

ஜீவிதா பொத்தானை மீண்டும் அவர் கையில் வைத்தாள். "இந்த ரிசல்ட்ட நான் அப்படியே எழுதியிருந்தா, அந்த மெஷின்ல பொய்னு தெரிஞ்சு உங்க கேஸ மூடிடுவாங்க. நிஜமா போன காதும் பொய்யாயிடும். வாங்க, முதல்ல இருந்து டெஸ்ட் பண்ணலாம்."

இந்த முறை கேட்டதற்கெல்லாம் அழுத்தினார். வலது காது பெரும்பகுதி போயிருந்தது, இடது காதிலும் கூர்மையான ஒலிகள் விழவில்லை. இரைச்சலையும் சேர்த்து எழுதிய ஜீவிதா, "பீரங்கி வெடிச்ச அன்னிக்கி கூட இருந்தவங்ககிட்ட எழுதி வாங்குங்க. முன்னாள் படைவீரர் நல ஆபீஸ்ல காசில்லாம புதுசா மனு போட்டுத் தருவாங்க. கிடைக்கும்னு நான் சொல்ல முடியாது. ஆனா இது நிக்கிற கேஸ்" என்றாள்.

மறுநாள் மேனேஜரிடமும் உண்மையைச் சொன்னார். அவர் முணுமுணுத்துவிட்டு, இவரைக் கடைக்குள்ளே வாடிக்கையாளர்களின் பைகளை வாங்கி வைக்கும் இடத்துக்கு மாற்றினார். அங்கிருந்து தேவசகாயம் நேரே டீக்கடைக்குப் போனார். அசல் புத்தகத்தைக் கேட்டதும் கலியாணசுந்தரம் சிரித்தான்.

"நீ கையெழுத்து போட்ட பேப்பர் என்கிட்ட இருக்குது. பொய் சொன்னவன் நீ. நான் வாயத் திறந்தா இன்னா ஆகும் தெரியுமா?"

தேவசகாயம் கையை நீட்டினார். "நானே வாயத் திறந்துட்டேன்பா. டெஸ்ட் எடுத்த டாக்டரம்மாகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன். இனிமே நீ சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. புக்கயும் பேப்பரயும் குடு. இல்லன்னா இப்பவே நல ஆபீஸுக்குப் போய் உன்னப் பத்தியும் சொல்றேன்."

அவன் சிரிப்பு நின்றது. பையைத் துழாவி, புத்தகத்தையும் தாள்களையும் மேசையில் எறிந்தான்.

எதிர் பெஞ்சில், இன்னொரு ஓய்வு பெற்ற சிப்பாய் கலியன், வெற்றுத் தாளின்மேல் பேனாவை வைத்தபடி இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். தேவசகாயம் அவன் பக்கம் திரும்பினார்.

"உனக்கு இன்னா தம்பி, காதா?"

கலியன் தலையசைத்தான். "யாருக்கும் தெரியாதுண்ணே."

"எனக்கும் அப்படித்தான். காது போச்சுன்னு அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லாம பயந்தேன். அந்தப் பயந்தான் என்ன இவன்கிட்ட கொண்டாந்து விட்டுது. ஒடம்புல குறைன்னா ஒளிக்காத, ஒண்ணுக்கு ரெண்டாவும் சொல்லாத. இருக்கறத இருக்கற மாதிரி சொல்லு. அதுதான் நம்ம உரிமை. பொய் சேத்தா அந்த உரிமையும் போயிடும்."

கலியன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தான்.