மாதையனுக்குக் கேடயம்

பத்து மணி நினைவேந்தல் கூட்டத்துக்குப் பன்னிரண்டாகியும் சிறப்பு விருந்தினர் வந்தபாடில்லை. அடிவாரம் தாண்டி, சுற்றுலாக் கார்களுக்குப் பின்னால் வளைவு வளைவாக ஊர்ந்துகொண்டிருப்பதாகத் தகவல். மலைக்கிராமமான கொட்டச்சேட்டில், பந்தலின் முதல் வரிசையில் மேனகா உட்கார்ந்திருந்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுத்த அப்பா மாதையன் போய்ப் பதினேழு நாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குக் காப்பி போட்டுப் போட்டே அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. அழ நேரம் வாய்க்கவில்லை.

பக்கத்தில் மகள் தீபிகா, விளையாட்டுப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு வாட்சையே பார்த்தாள். மூன்று மணிக்குச் சேலத்தில் மாவட்ட வாலிபால் அணித் தேர்வு. குப்பனூர் வழியாக இறங்கும் பன்னிரண்டரை பஸ்ஸை விட்டால் அடுத்தது நாலு மணிக்குத்தான்.

மைக் சும்மா இருக்கக்கூடாதென்று மலை விளையாட்டுக் கழகத் தலைவர் ஜீவானந்தம் பேசிக்கொண்டிருந்தார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கழகத்தில் அவரைத் தவிர வேறு உறுப்பினர் உண்டா என்று ஊருக்கு இன்னும் தெரியாது. லெட்டர்பேடு மட்டும் உண்டு.

"வன்மையை வெறுத்து, மென்மையான ஆட்டம் என்றொரு தனிப் பாணியையே இம்மலைக்கு வழங்கிய மாமேதை மாதையன்!"

மேனகாவுக்குக் கொட்டாவி வந்தது. பாணியுமில்லை, பாயசமுமில்லை. ஆடுகளம் சரிவில் இருந்தது. அப்பாவிடம் இருந்ததோ ஒரே பந்து. ஓங்கி அடித்தால் காப்பிச் செடிகளுக்குள் உருண்டு ஓடைவரை போய்விடும். அடித்தவர்தான் இறங்கி எடுத்துவர வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். இரண்டு முறை இறங்கி ஏறினால் முழங்கால் கெஞ்சும். அதனால் முப்பது வருஷமாகக் கொட்டச்சேட்டுப் பிள்ளைகள் பந்தைத் தடவிக் கொடுத்தே பழகினார்கள். சேலத்துக்காரர்கள் இடி மாதிரி அடிக்க, இவர்கள் தடவ, போன போட்டியிலெல்லாம் தோற்றுவிட்டு பஸ்ஸில் தூங்கிக்கொண்டே ஊர் திரும்பினார்கள். மேனகாவும் அப்படித் தூங்கியவள்தான்.

பேத்தி விஷயத்தில் மட்டும் அந்தச் சட்டம் செல்லவில்லை. எழுபத்திரண்டு வயதில் அப்பா தினமும் விடிந்ததும் செடிகளுக்குள் இறங்கி நின்றுகொள்வார். "நீ பயப்படாம அடி கண்ணு, நான் பொறுக்கிக்கறேன்." தீபிகாவின் அடி இன்றைக்கு இடிதான். மேனகாவுக்காக அவர் ஒரு நாள்கூட இறங்கியதில்லை.

பேச்சை முடித்துக்கொண்டு ஜீவானந்தம் அவர்கள் பக்கம் வந்தார். மேனகா எழுந்தாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, புள்ளைய அனுப்பிர்றேனுங்க. பஸ் வந்துரும்."

"அதெப்புடி அம்மிணி? பேத்தி கேடயம் வாங்குவாள்னு நோட்டீஸ்ல அச்சாயிருச்சு. தாத்தனுக்கு இந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா?"

"தாத்தன் இருந்திருந்தா இந்நேரம் தரதரன்னு பஸ்ஸுக்கு இழுத்துட்டுப் போயிருப்பாருங்க."

"தேர்வு அடுத்த வருசமும் வரும். அஞ்சலிக் கூட்டம் வருமா?"

"நீங்க இருக்கற வரைக்கும் அதுக்கென்னங்க பஞ்சம்?"

வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. தீபிகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஓடு சாமி. அழுவறதெல்லாம் ஊட்டுக்கு வந்து பாத்துக்கலாம்."

அவள் ஓடினாள். ஜீவானந்தம் பின்னாலேயே நாலு எட்டு வைத்தார். அதற்குள் விருந்தினரின் கார் வந்து நிற்கவே, மாலையைத் தேடித் திரும்ப ஓடினார்.

பத்து நிமிஷத்தில், "இளம் வீராங்கனை செல்வி தீபிகா!" என்று மைக் முழங்கியது. நோட்டீஸில் இருந்ததை மாற்ற ஜீவானந்தத்துக்கு மனம் வரவில்லை. மேனகா மேடையேறினாள். விருந்தினர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேடயத்தை நீட்டினார்.

"பதினேழு வயதுக்குட்பட்டோர் அணியில இடம் புடிச்சு மாவட்டத்துக்குப் பெருமை சேர்க்கணும் பாப்பா. நல்லா உழைக்கணும்."

"சரிங்க" என்றாள் நாற்பத்தொரு வயது மேனகா.

படம் சரியாக விழவில்லை, இன்னொன்று என்றார் போட்டோக்காரர். ஜீவானந்தம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். மேனகா கேடயத்தோடு நின்றாள். பஸ் மலையிறங்கிக் குப்பனூர் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும். அதற்கப்புறம் பிள்ளையை யாரும் திருப்பிக் கூட்டிவர முடியாது. அதுவரைக்கும் இவர்கள் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்தது அவளுக்கு.