மரத்தடியா, மேடா

ஜூலை 19, சனிக்கிழமை. இன்று ஒரு தவறு செய்தேன். சிறியதுதான். நிலம் பார்க்கப் போன வழியில் திறந்து கிடந்த வேலிக்கதவு ஒன்றை, திரும்பி வரும்போது சாத்திவிட்டு வந்தேன். மேய்ச்சல் நிலத்துக் கதவுகளை இருந்தபடியேதான் விட்டுவர வேண்டும். திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. இது எனக்குத் தெரியும். கை கேட்கவில்லை.

எழுதி முடித்ததும் நொயெமி பிராகமோண்டே "சிறியதுதான்" என்பதை அடித்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அதையே மறுபடி எழுதினாள். செவ்வாய்க்கிழமை மாலைகளில் அவள் போகும் 'வறண்ட நாட்டில் வீடு' வகுப்பில், நிலம் தேடுகிறவர்கள் எல்லாரும் தினக்குறிப்பு எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சொன்னதைச் செய்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. கடைவாய்ப் பல்லில் மயிரிழை மேடு இருந்தாலும் தேய்த்துச் சமன் செய்துவிட்டுத்தான் ஓயும் அந்தக் கை. ஏதாவது திறந்து கிடந்தால் அதற்கு இருப்புக் கொள்ளாது.

அவள் கணவன் எம்மட், டூசான் நகரத்தில் நீச்சல் குளங்களைப் பழுது பார்க்கிறவன். தண்ணீரில் சம்பாதிக்கிறவனைத் தண்ணீரில்லாத காட்டுக்கு இழுத்துப் போகிறாளே என்று அவன் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. கோடை தொடங்கியதிலிருந்து இருவரும் இடம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு இடத்தில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. இன்னொரு இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கி சுட்டுப் பழகுகிறவர். பழகும் திசை இவர்கள் பக்கம். மூன்றாவது இடத்தில் எல்லாம் பொருத்தமாக இருந்ததாலேயே நொயெமிக்குச் சந்தேகம் வந்து வேண்டாம் என்றுவிட்டாள். இந்த மாதக் கடைசியில் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். இதுவும் அமையாவிட்டால் தன் அண்ணன் வீட்டுக் கார் ஷெட்டில்தான் குடித்தனம் என்று எம்மட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அந்த ஷெட்டில் அண்ணன் டிரம்ஸ் வாசிப்பார்.

ஆகவே இந்த நாற்பது ஏக்கர்தான் கடைசி நம்பிக்கை. விற்கிறவர் வடக்கே ஓரிகன் மாநிலத்துக்குப் போய்விட்டார். எது கேட்டாலும், சீக்கிரம் முடியுங்கள் என்பதே அவருடைய பதில். நொயெமிக்கு அந்த இடம் பார்த்ததுமே பிடித்துவிட்டது. கருவேலம் போன்ற உயரமான மெஸ்கீட் மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளி. கல் இல்லை, முள் இல்லை, யாரோ சலித்துக் கொட்டிய மாதிரி மணல். சனிக்கிழமை அவள் அங்கே நான்கு முளைகள் அடித்து, ஆரஞ்சு நிற ரிப்பன் கட்டி, வீட்டின் மூலைகளைக் குறித்துவிட்டு வந்தாள். சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் என்பது வரைக்கும் முடிவாகிவிட்டது.

தடை ஒன்றுதான். நிலத்துக்குப் போகும் ஒரே பாதை டார்லா டாக்கெட் என்பவளின் மேய்ச்சல் நிலத்துக்குள்ளே போகிறது. பாதை உரிமைப் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போட்டால்தான் விற்பனை நடக்கும். ஞாயிறு காலை நிலத்துக்கே வந்து பேசுவதாக டார்லா சொல்லியிருந்தாள். நொயெமி சாத்திவிட்டு வந்த கதவு டார்லாவுடையது.

சொல்லிவிடலாமா என்று எம்மட்டைக் கேட்டாள். கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால் வேண்டாம் என்றான். கேட்டால் என்ன சொல்வது என்பதை அவன் சொல்லவில்லை.

இரவு மலைப்பக்கம் நல்ல மழை. காலையில் போகும்போது பாதை முழுக்கச் சேறு. நொயெமி சாத்திய அந்த நடுக்கதவு அகலத் திறந்து கிடந்தது. அதன் சங்கிலி துண்டாகித் தரையில் விழுந்திருந்தது. எம்மட் வண்டியை மெதுவாக்கி அதைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், தொடர்ந்து ஓட்டினான்.

டார்லா தன் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். தொப்பி அதைவிட மூத்தது.

"வாங்க கண்ணு. வழியில யாரையாச்சும் பார்த்தீங்களா? யாரோ ஒரு புண்ணியவதி என் நடுக்கதவைச் சாத்திட்டுப் போயிட்டா. மாடெல்லாம் இந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு, தண்ணித்தொட்டி அந்தப் பக்கம். மழை பெய்யலேன்னா நாக்கு வறண்டு நின்னிருக்கும்."

எம்மட் முந்திக்கொண்டான். "வேட்டைக்காரங்களா இருக்கும்."

"ஜூலையிலயா?"

"வழி தவறி வந்தவங்களா இருக்கும்."

"இருக்கும், இருக்கும். வழி தவறி வந்து, சங்கிலியை மூணு சுத்துச் சுத்தி, கம்பி போட்டு முறுக்கி, அதுக்கு மேல ஆரஞ்சு ரிப்பன்ல பூ மாதிரி முடிச்சுப் போட்டிருக்காங்க. பிறந்தநாள் பரிசு மாதிரி இருந்துச்சு தம்பி."

மூவரும் நொயெமியின் கையைப் பார்த்தார்கள். ரிப்பன் சுருளை அவள் வளையல் போல மணிக்கட்டில் மாட்டியிருந்தாள்.

"நான்தான் சாத்தினேன்," என்றாள். "கதவை இருந்தபடியே விடணும்னு தெரியும். திறந்து கிடந்ததா, மனசு கேட்கலை. மன்னிச்சிருங்க."

டார்லா ஒரு விதையின் தோலைத் துப்பினாள். வீடு எங்கே கட்டுவதாக உத்தேசம் என்று மட்டும் கேட்டாள். நொயெமி உற்சாகமாக மரங்களின் பக்கம் நடந்தாள். நடந்தவள் நின்றுவிட்டாள்.

அவள் வீட்டின் நடுக்கூடத்தில் பழுப்புத் தண்ணீர் முழங்கால் ஆழத்துக்குச் சுழித்துப் போய்க்கொண்டிருந்தது. முளைகளைக் காணோம். ஒரே ஒரு ரிப்பன் மட்டும் மரக்கிளையில், எம்மட்டின் நெஞ்சு உயரத்தில், குப்பையோடு சிக்கி ஆடியது. இரவு தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். மரங்கள் ஏன் அங்கே மட்டும் அத்தனை உயரம், மணல் ஏன் அத்தனை சுத்தம் என்று இரண்டு வாரம் வகுப்பில் படித்தவளுக்கு இப்போதுதான் உறைத்தது. மழைக்கு மட்டும் ஓடும் காய்ந்த ஓடையின் படுக்கையில் வீட்டுக்கு மூலை குறித்திருக்கிறாள்.

"ஓரிகன்காரரும் இங்கதான் வண்டிவீட்டை நிறுத்தினாரு," என்றாள் டார்லா. "அவரோட குளியல் தொட்டி இப்ப என் தெற்கு நிலத்துல இருக்கு. கன்னுக்குட்டி தண்ணி குடிக்க வசதியா இருக்கு."

எம்மட் சிரிப்பை அடக்க ரொம்பப் பாடுபட்டான். நொயெமி அவனை முறைக்கக்கூட இல்லை. அவள் மனதில் டிரம்ஸ் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

மாடுகள் எங்கே என்று எம்மட்தான் கேட்டான். டார்லா மோவாயால் கிழக்கே காட்டினாள். அந்த நாற்பது ஏக்கருக்குள்ளேயே, கல்லும் முட்புதருமாக ஒரு மேடு. நிழல் கிடையாது, காற்று அறையும். நொயெமி சனிக்கிழமை பத்துக்கு இரண்டு மதிப்பெண் போட்ட இடம். மாடுகள் அத்தனையும் அங்கே கால் மடக்கிப் படுத்து, ஈரம் படாமல், சாவகாசமாக அசை போட்டுக்கொண்டிருந்தன. ராத்திரி வெள்ளம் வந்தபோது அவை யாரையும் கேட்காமல் இடம் தேர்ந்தெடுத்திருந்தன.

மூவரும் மேலே ஏறினார்கள். உச்சியில் எம்மட்டின் போன் அடித்தது. இந்தப் பள்ளத்தாக்கில் அது அடித்தது இதுவே முதல் தடவை. நேற்று வண்டிக் கூரை மேல் ஏறி நின்றும் அவனுக்குச் சிக்னல் ஒரு கோடுகூடக் கிடைக்கவில்லை. அழைத்தது அண்ணன். டிரம்ஸை நகர்த்த வேண்டுமா, அப்படியே இருக்கட்டுமா என்று கேட்டார். எம்மட் சுற்றிலும் பார்த்தான். மாடுகளைப் பார்த்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"அப்படியே இருக்கட்டும்ணா. வாசி," என்று சொல்லி வைத்துவிட்டான்.

இனி எல்லாம் டார்லாவின் கையில். நொயெமி பத்திரத்தை நீட்டினாள். டார்லா வாங்கிப் படிக்காமல் விசிறிக்கொண்டாள்.

"ஒண்ணு கேட்டுக்க கண்ணு. இந்த ஊர்ல மாட்டுக்கு வேலி கிடையாது, வீட்டுக்குத்தான் வேலி. மாடு உன் வாசல்ல வந்து நின்னா போலீஸைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்ல. வேலி போடாதது உன் தப்பும்பாங்க. நேத்து ராத்திரியிலேர்ந்து இந்த மேடு தங்களுதுன்னு இதுங்க முடிவு பண்ணிருச்சுங்க."

"வேலி போடுறோம்," என்றாள் நொயெமி.

"ஓரிகன்காரரும் அப்படித்தான் சொன்னாரு. ஒரு கம்பம் நட்டாரு. அதுல துண்டு காயப் போட்டாரு." டார்லா பேனாவைத் தேடிச் சட்டைப்பையைத் தட்டினாள். "ஆனா உன் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், முடியல. கம்பியை மட்டும் வெட்டலாம்னு பார்த்தேன், அதுவும் முடியல. கடைசியில நல்ல சங்கிலியையே வெட்டினேன். கால் மணி நேரம் உன்னைத் திட்டிட்டு, அப்புறம்தான் யோசிச்சேன். இவ வேலி கட்டினா என் மாடு இல்ல, காத்துகூட உள்ள போகாது. ஊர்ல ஒருத்தியாவது ஒழுங்கா வேலி கட்டட்டும்."

மாட்டின் முதுகை மேசையாக வைத்து அவள் கையெழுத்துப் போட்டாள். மாடு ஆட்சேபிக்கவில்லை. கையெழுத்து மட்டும் கொஞ்சம் அசைந்து விழுந்தது. அசைந்த கையெழுத்து செல்லுமா என்று நொயெமிக்கு வீடு வரும் வரை சந்தேகம். செல்லும், செல்லும் என்று எம்மட் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தான்.

ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை. இடம் முடிவாகிவிட்டது. மேடுதான். நாளை மதிய இடைவேளையில் கடைக்குப் போய் முள்கம்பிக்கும் இரும்புக் கம்பங்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும். டார்லாவுக்கு ஒரு புதுச் சங்கிலியும் வாங்க வேண்டும்.