அம்மாவுக்குப் பக்கத்து இடம்

கில்டாரன் மடத்தில் துறவிகள் இல்லாமல் போய் நானூறு வருஷமாகிறது. கூரை எப்போதோ விழுந்துவிட்டது, கோபுரத்தில் காக்கைகள் குடியிருந்தன, பூசை நடந்த இடத்தில் முட்செடி முளைத்துக் கிடந்தது. ஆனாலும் சுற்றுவட்டாரத்துப் பழைய குடும்பங்கள் இன்னும் அந்தச் சுவர்களுக்குள்தான் தங்கள் மனிதர்களைப் புதைத்தன. புதிதாக யாருக்கும் அங்கே இடம் கிடையாது. ஹெனகன் குடும்பத்துக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு குழிக்கான இடம், அம்மாவுக்குப் பக்கத்தில்.

அது தனக்குத்தான் என்று அந்த வீட்டு இளைய மகள் டிம்ப்னா நினைத்திருந்தாள். யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல், படுத்த படுக்கையாய்க் கிடந்த அம்மாவைப் பன்னிரண்டு வருஷம் பார்த்துக்கொண்டவள் அவள். அதைச் சொல்லி வேறு தெரிய வேண்டுமா என்ன?

அதனால்தான், டப்ளினிலிருந்து வந்திறங்கிய அக்கா நோரீன், "வாடி, அம்மாவைப் பாத்துட்டு வருவோம்" என்று கூப்பிட்டபோது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடக்கத்துக்கு வந்துபோனதோடு சரி, மூன்று வருஷமாக நோரீன் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. டிம்ப்னா ரொட்டிக்குள் பன்றிக்கறி வைத்துக் கட்டிக்கொண்டாள், பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டாள். மழையில் நனைந்த வயலில், மாடுகளை விலக்கிக்கொண்டு இருவரும் நடந்தார்கள்.

கல்லறைக் கல்லில் அம்மாவின் பெயருக்குக் கீழே சாக்குக்கட்டியால் யாரோ எழுதியிருந்தார்கள். டிம்ப்னா குனிந்து படித்தாள். ஃபின்டன் கீயோ. நோரீனின் புருஷன்.

"அத்தான் உயிரோடதானே இருக்காரு?"

"கிறிஸ்துமஸ் தாண்டாதுன்னுட்டாரு டாக்டர். கல் செதுக்குறவன் நேத்து வந்து அளவு எடுத்திருக்கான். முன்னாடியே சொல்லி வச்சாத்தான் அவன் வருவான்."

"அக்கா, அது என்னோட இடம்."

"உன்னோடதுன்னு எங்க எழுதியிருக்கு? பத்திரம் மூத்தவ பேர்ல இருக்கு." நோரீன் கையுறையைக் கழற்றி மடித்தாள். "கொஞ்சம் யோசிச்சுப் பாரு. எனக்கு நாலு பிள்ளைங்க, ஒம்போது பேரப் பிள்ளைங்க. அவருக்குப் பூ வைக்க ஆள் வரும். உனக்கு யாருடி வரப்போறா? டவுன்ல புதுக் கல்லறை இருக்கு, நல்லா சுத்தமா வச்சிருக்காங்க. வாசல்லயே பஸ் நிக்குது."

டிம்ப்னா பிளாஸ்கைத் திறந்து தனக்கு மட்டும் டீ ஊற்றிக்கொண்டாள்.

"அம்மா உன்மேல கோவத்தோடயே போயிட்டான்னுதானே நெனச்சுக்கிட்டிருக்க?"

"சண்டை போட்டா, பேச்ச நிறுத்துனா. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"கடைசிப் பத்து நாளும் உன்னைத்தான் கேட்டா. காலைல கண்ணு முழிச்சதும் 'நோரீன் வந்துட்டாளா?' போன் பண்ணு, போன் பண்ணுன்னு உயிரை வாங்குனா. 'பண்ணேன்மா, அவ எடுக்கல'ன்னு அவகிட்ட சொன்னேன்." ஒரு வாய் டீ குடித்தாள். "நான் பண்ணவே இல்ல."

நோரீனின் முகம் வெளுத்தது. "பொய் சொல்ற."

"வரமாட்டாளாம்னு கடைசியா ஒரு நாள் சொன்னேன். அதுக்கப்புறம் அவ கேக்கல. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா."

"ஏண்டி? நான் உனக்கு என்ன பண்ணேன்?"

"பீ மூத்திரம் அள்ளுனது நான். ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தது நான். அவ வாயில வந்த பேரு உன்னோடது."

நோரீன் கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்தாள். அவள் அழுகிற சத்தத்துக்குக் காக்கைகள் கிளம்பிப் பறந்தன. டிம்ப்னா அவளைத் தூக்கிவிடவில்லை. அக்கா அழுவதைப் பார்க்கப் பார்க்க, பல வருஷப் பசி ஆறுவதுபோல இருந்தது. ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்தாள்.

நவம்பரில் ஃபின்டனை அங்கேயே புதைத்தார்கள். டிம்ப்னா கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு போனாள். குடும்பத்தாரோடு நிற்காமல், துக்கம் சொல்ல வந்த ஊரார் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் நோரீனின் கையைப் பிடித்தாள்.

"உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன்" என்றாள்.

"வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவருக்குக் கையை நீட்டினாள் நோரீன்.