நாயின் பேருக்குக் கூடிய கூட்டம்

இப்போதெல்லாம் யாரும் சாமானைச் செய்துவிட்டுப் பேர் வைப்பதில்லை. முதலில் பேர். அப்புறம் அந்தப் பேர் போட்ட பனியன். அதற்கப்புறம் பேரைப் பற்றிப் பேச ஒரு சங்கம். சாமான் எங்கேப்பா என்று கேட்டால் அடுத்த கோடைக்கு வந்துவிடும் என்கிறார்கள். கேட்டவனை, சாவு வீட்டில் இரண்டாவது காபி கேட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, ‘திறந்தது’ என்கிற சொல். இந்த 2004-ஆம் வருஷம், கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த எங்கள் சன்னிவேலில் எவனைக் கேட்டாலும் தன் சரக்கு திறந்தது என்கிறான். சரி, உள்ளே பார்க்கலாமா என்றால் முதலில் இங்கே கையெழுத்துப் போடு என்கிறான்.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேர் கில் பெத்தென்கூர். எங்கப்பா அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்து சான்டா கிளாராவில் பழத்தை டப்பாவில் அடைக்கிற ஆலையில் சேர்ந்தார். பின்னாலேயே நானும் சேர்ந்து இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டேன். இயந்திரங்களில் பொத்தான் போய்க் கம்ப்யூட்டர் திரை வந்தது. திரையில் ஒரு பொத்தானை இரண்டு அங்குலம் தள்ளிவைக்க வேண்டுமென்றாலும் விற்றவனைத்தான் கூப்பிட வேண்டும். அவன் டை கட்டிக்கொண்டு வருவான். எனக்கு அது பிடிக்கவில்லை. தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டு நானே ஒரு மொழி எழுதினேன்.

மொழி என்றால் பெரிய விஷயமில்லை. இங்கே ஒரு பொத்தான், அங்கே ஒரு கட்டம், அதற்கு மேல் இந்த எழுத்து என்று எக்ஸ்எம்எல் முறையில் வரிவரியாக எழுதிவைத்தால் கம்ப்யூட்டர் அதைப் படித்துத் திரையை வரைந்துவிடும். அதற்கு ஃபருஸ்கோ என்று பேர் வைத்தேன். அது எங்கள் வீட்டுக் கறுப்பு நாயின் பேர். நாயின் பேரை எவனும் திருடமாட்டான் என்று நினைத்தேன்.

விதிகளைப் பதினொரு பக்கத்தில் எழுதி, நாயின் கதையும் என் போன் நம்பரும் சேர்த்து இணையத்தில் போட்டேன். யாரும் படிக்கலாம், யாரும் செய்யலாம், விற்கவும் செய்யலாம். எனக்கு எதுவும் தர வேண்டாம். பதினொரு பக்கத்தில் இருக்கிறபடி வரைந்தால்தான் ஃபருஸ்கோ, இல்லாவிட்டால் வேறு பேர் வைத்துக்கொள். இவ்வளவுதான் நான் கேட்டது.

கொஞ்ச வருஷம் ஒழுங்காகப் போனது. அப்புறம் கோர்வின் ஹாட்லி என்று ஒருத்தன் கிளம்பினான். முப்பத்தைந்து வயசிருக்கும். நல்ல பையன்தான், அதுதான் அவனிடம் உள்ள தொல்லை. ‘திறந்த ஃபருஸ்கோ கூட்டணி’ என்று ஒரு தளம் தொடங்கினான். எக்ஸ்எம்எல்லில் திரை வரைகிற மொழி எதுவானாலும் அது ஃபருஸ்கோதான், அதைச் செய்தவன் யாராக இருந்தாலும் சரி, என்று அதில் எழுதினான். அப்படிப் பார்த்தால் உலகத்தில் முப்பது ஃபருஸ்கோ இருந்தது. அதில் ஒன்றுதான் என்னுடையது. அதுவும் அவன் பட்டியலில் கீழே கிடந்தது.

நான் கண்டுகொள்ளாமல் இருந்திருப்பேன். மொடெஸ்டோவிலிருந்து வர்லீன் ஸ்ட்ரவுட் என்கிற அம்மாள் போன் செய்தாள். பீச் பழம் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கிற கொட்டகை வைத்திருக்கிறாள்.

“பெத்தென்கூர்ங்கறது நீங்கதானே? உங்க நாய்க்கு ‘நில்லு’ன்னா புரியாதா?”

“என்னம்மா ஆச்சு?”

“பெல்ட்டு ஓடுது, திரையில நிறுத்துற பொத்தானையே காணோம். ஒரு பொண்ணோட சட்டைக் கையி மாட்டிக்கிச்சு. நான் ஓடிப்போய் மெயினை அணைச்சேன். சட்டையோட போச்சு.”

அந்தத் திரையை எங்கே வாங்கினாள் என்று கேட்டேன். ஃப்ரெஸ்னோவில் எவனோ விற்றிருக்கிறான். அது என் சரக்கு இல்லை, பதினொரு பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

“பொட்டி மேல ஃபருஸ்கோன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே,” என்றாள்.

“போட்டிருக்கும். உள்ள அது இல்ல.”

“அப்போ அந்தப் பேரு எதுக்குங்க?”

கோர்வினின் கூட்டணி கூட்டம் போடுவதாகத் தளத்தில் பார்த்தேன். அந்தக் கேள்விக்காகத்தான் போனேன்.

சனிக்கிழமை காலை, லூத்தரன் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில் கூட்டம். ஃபருஸ்கோ பொதுப்பேரா, இல்லை பதினொரு பக்கத்துக்கு மட்டும் உரிய பேரா என்று அன்றைக்கு முடிவு. கூட்டணியில் யாரும் சேரலாம், வந்து உட்கார்ந்தவன் எல்லாம் உறுப்பினன் என்றார்கள். ஆகவே என்னோடு ஆலையில் வேலை பார்த்த மானி அசெவெதோவும் உறுப்பினன் ஆனான். அவனுக்குக் கம்ப்யூட்டரைப் போடவும் தெரியாது, அணைக்கவும் தெரியாது. டோனட் உண்டு என்று சொல்லியிருந்தேன்.

பின் வரிசை முழுக்க ஒரே மாதிரி நீலச் சட்டை. ஒரு பெரிய கம்பெனியின் ஆட்கள். அவர்களுக்கு நடுவில் டெனீஸ் ஒக்கிமோட்டோ என்கிற பெண். அந்தக் கம்பெனியும் இந்த மாதிரி ஒரு மொழி செய்துகொண்டிருக்கிறது, பேரை இன்னும் வெளியே சொல்லவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. என் பேரை விழுங்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

கோர்வின் எழுந்து பேசினான். “கில், கோவிச்சுக்காதீங்க. உங்க பேரு உங்களைத் தாண்டி வளந்துருச்சு. மூக்கு சிந்துற காகிதத்துக்கு ஒரு கம்பெனி பேரைத்தானே எல்லாரும் சொல்றோம்? அதெல்லாம் ஒரு கௌரவம்.”

“மூக்கு சிந்துற காகிதம் கிழிஞ்சா கையக் கழுவிக்கலாம்,” என்றேன். “ஃப்ரெஸ்னோல ஒருத்தன் இந்தப் பேருல விக்கிற திரையில பெல்ட்டு நிக்கலைன்னா கழுவக் கை இருக்காது.”

“எப்பப் பாத்தாலும் கை போயிடும் கால் போயிடும்னு பயமுறுத்துறீங்க.”

“அவன் கையப் பாரு தம்பி,” என்றான் மானி, வாயில் டோனட்டோடு. “ஒரு விரல் கம்மியா இருக்கும்.”

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். விரல் இல்லாதது உண்மைதான். ஆனால் அது கார் கதவில் போனது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“சரி, முடிவுக்கு வருவோம்,” என்றான் கோர்வின். “எல்லாரும் உம் கொட்டணும்.”

நான் காதைத் தேய்த்துக்கொண்டேன். தப்பாகக் கேட்கவில்லை. இந்த ஆட்களிடம் அப்படி ஒரு வழக்கம். கேள்வி கேட்பார்கள், சம்மதம் உள்ளவன் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று இழுக்க வேண்டும். அப்புறம் மறுபக்கம் கேட்பார்கள். எந்தச் சத்தம் பெரிதோ அந்தப் பக்கம்.

“கையத் தூக்கச் சொன்னா என்ன?” என்று கேட்டேன்.

“தூக்கினா எண்ண வேண்டி வரும். எண்ணினா எந்தக் கம்பெனி நெறைய ஆளக் கூட்டிட்டு வருதோ அது ஜெயிச்சுரும். உம் கொட்டினா எண்ண முடியாது.”

“எண்ண முடியாட்டா யாரு ஜெயிச்சதுன்னு எப்படித் தெரியும்?”

“தலைவர் கேட்டுட்டுச் சொல்லுவாரு.”

“தலைவர் யாரு?”

“நான்தான்.”

மானி இன்னொரு டோனட் எடுத்தான்.

பொதுப்பேர் ஆக வேண்டும் என்கிறவர்களை உம் கொட்டச் சொன்னான் கோர்வின். கூடம் ரீங்கரித்தது. பதினொரு பக்கத்துக்கே பேர் என்கிறவர்களைக் கேட்டான். நான் கொட்டினேன், மானி கொட்டினான், வேறு யார் யாரோ கொட்டினார்கள். அதுவும் ஏறக்குறைய அதே சத்தம். கோர்வின் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “ரெண்டும் சமமா இருக்கு,” என்றான்.

எனக்குச் சந்தேகம் வந்தது. எல்லாரும் உம் கொட்டி நிறுத்தின பிறகும் பக்கத்துச் சமையலறையிலிருந்து ‘ம்ம்ம்’ வந்துகொண்டிருந்தது. கம்பெனிக்காரன் உள்ளே ஆளை ஒளித்துவைத்திருக்கிறான் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கதவைத் தடாலென்று திறந்தேன். உள்ளே பெரிய குளிர்பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

“அது ரெண்டு பக்கமும் உம் கொட்டிருக்கு,” என்றான் மானி.

இதிலேயே ஒரு மணி நேரம் போனது. குளிர்பெட்டியின் சத்தத்தைக் கழித்துவிட்டு மீதியை வைத்து முடிவு சொல்லலாமா என்று ஒருத்தன் கேட்டான். இதற்கு முன்னால் இதே கூடத்தில் எடுத்த முடிவுகளெல்லாம் செல்லுமா என்று இன்னொருத்தன் கேட்டான். அவனை எல்லாரும் முறைத்தார்கள். பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிவிடலாம் என்று போனால், ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கான ஹாம் இறைச்சி உள்ளே இருக்கிறது, தொடாதீர்கள் என்று சர்ச் அம்மாக்கள் காகிதம் ஒட்டியிருந்தார்கள்.

கடைசியில் பெட்டி தானாக நிற்கும்வரை காத்திருப்பது என்று முடிவானது. அதற்கும் உம் கொட்டித்தான் முடிவு செய்தார்கள். படித்த மனுஷர்கள் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு குளிர்பெட்டி வாயை மூடுவதற்காகக் காத்திருந்தோம். ஒருத்தன் இருமினான், பக்கத்தில் இருந்தவன் அவனை அதட்டினான்.

அது ஒருவழியாகக் குலுங்கி நின்றது. கோர்வின் அவசரமாக, “பொதுப்பேருக்கு,” என்றான். ம்ம்ம் என்று வந்தது, ஆனால் இந்தத் தடவை மெலிசாக. “பதினொரு பக்கத்துக்கு,” என்றான்.

நான் ஆரம்பித்தேன். என் பின்னாலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. சர்ச் பாட்டுக்குழுவில் ஆண்கள் பக்கம் பாடுகிற மாதிரி, கனமாக, ஒரே சுருதியில். திரும்பிப் பார்த்தேன். நீலச் சட்டைகள். வரிசை மொத்தமும் எனக்காக உம் கொட்டிக்கொண்டிருந்தது. ஒக்கிமோட்டோ கண்ணை மூடிக்கொண்டு கொட்டினாள். நான் என்னுடையதை நிறுத்திவிட்டேன். சத்தம் குறையவே இல்லை.

“தெளிவா இருக்கு,” என்றான் கோர்வின். அவன் முகம் வாடிப்போயிருந்தது. “ஃபருஸ்கோ கில்லோட பேருதான். கூட்டணி அந்தப் பேர விட்டுருது. ஃப்ரெஸ்னோக்காரனுக்கும் சொல்லிர்றோம்.”

நான் நேராகப் பின் வரிசைக்குப் போனேன். “எதுக்கு எனக்காகக் கொட்டினீங்க?”

“உங்க பக்கம் நியாயம் இருக்கு, பெத்தென்கூர் சார்,” என்றாள் ஒக்கிமோட்டோ.

“அதச் சொல்லாதீங்க. நெசத்தச் சொல்லுங்க.”

அவள் சிரித்துவிட்டாள். “எல்லாமே ஃபருஸ்கோன்னு ஆயிட்டா எங்களோடதும் ஃபருஸ்கோ ஆயிடும். நாய்ப் பேர எங்க சாமானுக்கு வெச்சா விளம்பர டிபார்ட்மென்ட்ல பாதிப்பேரு வேலைய விட்டுருவாங்க. எங்களுக்குன்னு தனிப் பேரு இருக்கு.”

“என்ன பேரு?”

“திறந்த திரை.”

“திறந்ததா? விதியெல்லாம் எங்க போட்டிருக்கீங்க?”

“எங்க ஆபீஸ்ல இருக்கு. ஒரு கையெழுத்துப் போட்டா நீங்க தாராளமாப் படிக்கலாம்.”

“படிச்சுட்டு அதே மாதிரி ஒண்ணு செய்யலாமா?”

“அதுக்கு வேற கையெழுத்து. அத எல்லாருக்கும் குடுக்கறதில்ல.”

“அப்போ மொடெஸ்டோல ஒரு அம்மா உங்க பொட்டிய வாங்கி, அதுல நிறுத்துற பொத்தானக் காணோம்னா, ஏன் காணோம்னு யாரு பாத்துச் சொல்றது?”

“எங்களைக் கூப்பிட்டா நாங்க ஆள் அனுப்புவோம் சார்.”

அவன் டை கட்டிக்கொண்டு வருவானா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கோர்வினிடம் திரும்பினேன். “இதுக்கு ஒரு தடவ உம் கொட்டச் சொல்லு. இது திறந்ததா மூடினதான்னு.”

அவன் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, “கில், இன்னிக்குக் கூட்டம் பேருக்கு மட்டும்தான்,” என்றான். “அதுவுமில்லாம திறந்ததுங்கறது பொதுச் சொல்லு. பொதுச் சொல்ல யாரும் தனக்குன்னு கேக்க முடியாதில்ல? அவங்க கூட்டணியில சேர்றாங்க. மொதத் தடவையா ஒரு பெரிய கம்பெனி வருது. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.”

“அவங்க பேருல இருக்கறது அவங்க சாமான்ல இல்ல.”

“அது உங்க கருத்து.”

“காலைல நீ சொன்ன ஃபருஸ்கோவும் உன் கருத்துதான். அதுக்கு உம் கொட்டினோமே.”

அவன் காகிதங்களைப் பைக்குள் வைத்தான். மற்றவர்கள் நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒக்கிமோட்டோ என்னிடம் கையை நீட்டினாள். “நீங்க ஜெயிச்சுட்டீங்க சார்.”

“நீங்க ஜெயிக்க வெச்சிருக்கீங்க,” என்றேன். கையைக் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்தால் மரியாதை இல்லை.

வெளியே மானி மிச்ச டோனட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தான். “டேய் கில்லு, பேரு வந்துருச்சுல்ல. மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்க?”

“வர்லீனுக்கு என்னடா சொல்றது?”

“ஃபருஸ்கோன்னு போட்டிருந்தா நம்பி வாங்கும்மான்னு சொல்லு.”

“சொல்லலாம். நாளைக்கு ‘திறந்த திரை’ன்னு ஒண்ணு கடைக்கு வரும். திறந்ததுன்னு போட்டிருக்கே, நல்லதாத்தான இருக்கும்னு கேப்பா.”

“அது உன் பேரு இல்லையே. உனக்கென்ன?”

“அவ கொட்டகையில சட்டைக் கையி மாட்டினா, மாட்டினது யாரு பேருல இருந்தா என்னடா?”

மானி யோசித்தான். யோசித்துவிட்டு ஒரு டோனட்டை என்னிடம் நீட்டினான். வேண்டாம் என்றேன்.

கோர்வின் வாசலுக்கு வந்து நின்று கூப்பிட்டான். நாய் நல்லாயிருக்கிறதா என்று விசாரித்தான். செத்துப்போய் நாலு வருஷம் ஆகிறது என்றேன். வருத்தப்பட்டான். நெசமாகத்தான் வருத்தப்பட்டான். அப்புறம், திறந்தது என்றால் என்ன என்பதை அடுத்த கூட்டத்தில் கண்டிப்பாக எடுத்துக்கொள்கிறோம், அதற்கென்று ஒரு துணைக்குழுவே போடப்போகிறோம், நீங்களும் வந்து உட்காருங்கள் என்றான். ஒக்கிமோட்டோவும் அவன் தோளுக்குப் பின்னால் நின்று தலையாட்டினாள்.

துணைக்குழுவில் விதிகளை எல்லாரும் பார்க்கத் தருவார்களா என்று கேட்டேன். அதைத் துணைக்குழுதான் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

நான் வண்டியைப் பார்த்து நடந்தேன். பின்னால் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நல்லதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் நிற்கவில்லை.